வாசிக்கட்டுங்களா?

வியாழக்கிழமை மதியம், நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் டீக்கு நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. திரையில் 'நிலைப்படி ஆசிரியர்' என்று பெயர் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வியாழக்கிழமை அந்தப் பெயர் வந்தால் யாரையோ திட்டி எழுதியாகிவிட்டது என்று பொருள். அநேகமாக என்னைத்தான். டீயை ஓரமாக வைத்துவிட்டு, சண்டைக்குத் தயாராகி, "சொல்லுங்க ஆசிரியரே, இந்த வாரம் நானுங்களா, வேற ஆளுங்களா?" என்றேன். மறுபக்கத்திலிருந்து அவருடைய மனைவி தங்கமணி அம்மாவின் குரல் வந்தது. "கண்ணு எஸ்தரு, அவரு போயிட்டாருங் கண்ணு. காலையில சாப்புட்டுப்போட்டு நாற்காலியில உக்காந்தவரு, உக்காந்தபடியே போயிட்டாரு." பேக்கரிக்காரர் டீ ஆறுகிறது என்று இரண்டு தடவை சொன்னார். அதைக் குடித்தேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

சென்னியப்பன் 'நிலைப்படி' வார இதழின் ஆசிரியர். அதில் 'முன்வாசல்' என்ற பத்தியை, பத்திரிகை தொடங்கிய நாள் முதல் அவர் ஒருவரே எழுதினார். பழமைவாதி. இந்தச் சொல்லை நான் வசையாகச் சொல்லவில்லை. அவரே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார், அதுவும் கூட்டத்தில் எழுந்து நின்று. குடும்பம், நிலம், கோயில், கைத்தொழில், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கும் நாணயம் ஆகியவற்றில் கைவைக்கும் எந்த அரசும் அவருக்கு ஆகாது. இலவசம் ஆகாது, வேலைநிறுத்தம் ஆகாது, எங்கள் தொழிற்சங்கக் கொடி சுத்தமாக ஆகாது. நானோ தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வக்கீல். பண்ணையத்தில் கூலிக்குப் போய் என்னைப் படிக்கவைத்தவர் என் அப்பா. சென்னியப்பன் சூலூர்ப் பக்கம் தோட்டந்துரவுள்ள குடும்பம். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போன விஷயம் ஒன்றைச் சொல் என்றால், பேக்கரித் தேங்காய் பன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அப்புறம் எதற்கு அவருடைய நினைவு மலரில் நான் எழுதுகிறேன்? எங்கள் சங்கத் தோழர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். அவரே சொல்லிவைத்துவிட்டுப் போன வேலை இது. போன தைப்பொங்கலுக்கு அலுவலகம் போயிருந்தேன். கரும்பை ஒடித்துக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வக்கீலம்மா, நான் போயிட்டா என்னையப் பத்தி நீங்கதான் எழுதோணும். எங்காளுகளை எழுத உட்டா மாலை போட்டு மூஞ்சியவே மறைச்சுப்போடுவாங்க. நல்ல மனுசன்னு மட்டும் எழுதிப்போடாதீங்க, ஒருத்தரும் நம்ப மாட்டாங்க." உதவி ஆசிரியர் மோகன் பக்கத்தில்தான் இருந்தார். சிரித்தோம், மறந்தோம். காரியம் முடிந்த மறுநாள் மோகன் வந்து அதை ஞாபகப்படுத்தினார். கூடவே ஒரு நிபந்தனையும் சொன்னார். நிலைப்படியின் வழக்கப்படி, அச்சுக்குப் போகும் முன்னால் இதைத் தங்கமணி அம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்றால் வரும், இல்லையென்றால் வராது.

அந்த வழக்கம் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாரையாவது கண்டித்து எழுதினால், சென்னியப்பன் வியாழக்கிழமையே அவருக்குப் போன் செய்து, எழுதியதை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை வாசித்துக் காட்டுவார். வெள்ளிக்கிழமைதான் அச்சு. என்னை முதன்முதலில் கூப்பிட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "வணக்கமுங்க. நிலைப்படி சென்னியப்பன் பேசறேனுங்க. உங்களைத் திட்டி ஒண்ணு எழுதியிருக்கேனுங்க. இப்ப நேரம் இருக்குதுங்களா? வாசிக்கட்டுங்களா?" யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். 'ஊரைக் கெடுக்கும் வக்கீல்' என்று தலைப்பு. அத்தனை ஏச்சிலும் ஓர் இடத்தில்கூட 'ள்' விகுதி கிடையாது, எல்லாம் 'அவர்கள்'தான். முடித்துவிட்டு, "இதுல தகவல் தப்பு எதாச்சும் இருக்குதுங்களா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "தகவல் சரிதானுங்க, ஆனா ரொம்ப வலிக்குதுங்க" என்றேன். "வலிக்கோணுமுன்னுதானுங்க எழுதினது. தகவலைச் சொல்லுங்க" என்றார் மனுஷன். அப்படி ஒரு கொழுப்பு. நான் கைப்பேசியை வைத்துவிட்டு அரைமணி நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். இளவயதில் சென்னையில் ஒரு பெரிய நாளிதழில் வேலை பார்த்தவர் அவர். அங்கே அரசியல் கட்டுரைகளுக்கு நல்ல பேர் வாங்கினார். ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில், தான் கிழித்துத் தொங்கவிட்ட ஒருவருக்குப் பக்கத்து இலையில் உட்காரும்படி ஆகிவிட்டது. அந்த மனிதர் கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சென்னியப்பனின் இலைக்கு நெய் வரவில்லை என்று கண்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "இவருக்கு ஊத்துங்க" என்றாராம். "அந்த நெய்ச்சோறு எனக்குத் தொண்டையில எறங்கலீங்க. எழுதினதுல ஒரு எழுத்துப் பொய் இல்லை. ஆனா அவரு மூஞ்சியப் பாத்து அதைச் சொல்லியிருப்பனான்னு கேட்டா, சொல்லியிருக்க மாட்டேன். சொல்ல முடியாததை எதுக்குங்க அச்சடிக்கோணும்?" சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து பத்திரிகை தொடங்கியபோது, இந்த விதியோடுதான் தொடங்கினார்.

விதி என்றால் கோமாளித்தனமும் கூடவே வரும் அல்லவா? பொள்ளாச்சியில் ஒரு கட்சிப் பிரமுகரைச் சாடி ஒரு பத்தி. அதே பெயரில் அதே ஊரில் ஒரு தேங்காய் வியாபாரி. மோகன் எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆசிரியர் முழுக்க வாசித்தார். பதவி ஆசை, வாக்குத் தவறியது, கட்சி தாவியது ஒன்றையும் விடவில்லை. அந்தப் பக்கமோ, "சரிங்க, ஆமாங்க, சொல்லுங்க" என்று ஒரே மரியாதை. முடிந்ததும் வழக்கம்போல, "தகவல் தப்பு எதாச்சும் இருக்குதுங்களா?" என்றார். "எல்லாஞ் சரியாத்தானுங்க இருக்குது. ஆனா நான் தேங்கா யாவாரிங்க. நீங்க இவ்வளவு நேரம் சிரமப்பட்டு வாசிக்கறீங்க, நடுவால குறுக்க பேசறது மரியாதை இல்லைன்னுதானுங்க கேட்டுட்டிருந்தேன்." நம்ம ஊரில் அல்லாமல் வேறெங்கு நடக்கும் இது? ஆசிரியர் அடுத்த பஸ் ஏறி பொள்ளாச்சிக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். வியாபாரி அதற்கும் காப்பி கொடுத்து, இரண்டு கருப்பட்டிச் சிப்பமும் கொடுத்து அனுப்பினார். இந்தச் சாவுக்கு அவர் வந்திருந்தார். கூட்டத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம், "எத்தனையோ பேரு என்னையத் திட்டியிருக்காங்க, இவரு அளவுக்கு முறையாத் திட்டினது ஆருமில்லீங்க" என்று அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

தன்னுடைய ஆட்கள் என்பதற்காக அவர் யாரையும் விட்டதில்லை. அவர் ஓட்டுப் போடும் கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் ஒருமுறை அலுவலகத்துக்கே வந்து, "நம்மாளுகளையும் எதுக்குங்க வம்புக்கு இழுக்கறீங்க?" என்றார். "நம்மாளுங்கறதுனாலதான் மொதல்ல உங்களுக்கு வாசிக்கறேன். எதிர்க்கட்சிக்காரருக்கு மத்தியானத்துக்கு மேல்தான்" என்று பதில் வந்தது. சென்னியப்பனுக்குக் கட்சியில் பதவி ஒன்று தருவதாகவும் பேச்சு அடிபட்டது. "அந்த நாற்காலியில உக்காந்துட்டா வியாழக்கிழமை என்னைய நானே கூப்பிட்டு வாசிக்கோணுமுங்க" என்று கைகூப்பி அனுப்பிவிட்டார். பழசைக் காப்பாற்றுவதுதான் அவருடைய அரசியல். ஆனால் யாருடைய பழசை, எதற்காக என்று அவரிடம் கேட்கலாம். கேட்டால் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து பேசுவார். எங்கள் பக்கத்திலேயே எத்தனை பேரிடம் அப்படிக் கேட்டுவிட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி வருவதைத்தான் தங்கமணி அம்மாவுக்கு எப்படி வாசிப்பேன் என்று பயந்துகொண்டே எழுதுகிறேன். சூலூர்ப் பக்கம் தறிக் குடோன்களில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது நான் தொழிலாளர்களின் வக்கீல். எதிர்த்தரப்பில் முன்னால் நின்ற உரிமையாளர் நடராசு. தங்கமணி அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. வியாழக்கிழமை போன் வந்தது. பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டும் வராமல் தொழிலாளர்கள் வீம்பு பிடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். "தகவல் தப்புங்க" என்றேன். "வந்தாங்க. பொம்பளைங்களும் வந்தாங்க. கேட்டைப் பூட்டிப்போட்டாங்க. வெயில்ல நின்னு பாத்துட்டுத் திரும்பினாங்க." யாரிடம் கேட்டால் உறுதியாகும் என்றார். "உங்க மாப்பிள்ளை நடராசையே கேளுங்க" என்றேன். மனைவியின் தம்பியை எங்கள் பக்கம் மாப்பிள்ளை என்போம். "கேக்கறேனுங்க" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்த 'முன்வாசல்' வேறாக இருந்தது. தொழிற்சங்கத்தின் கோரிக்கைகளை நான் ஏற்கவில்லை என்றுதான் அதிலும் தொடங்கினார். அதை விடமாட்டார். அப்புறம் எழுதினார்: 'பேச வந்தவர்களை வாங்க என்று சொல்லாமல் கதவைப் பூட்டியது தவறு. எதிரியே வந்தாலும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டை போடுவது நம்முடைய முறை. முறையை விட்டுவிட்டுச் சொத்தை மட்டும் காப்பாற்றுகிறவரைப் பழமைவாதி என்று என்னால் சொல்ல முடியாது.' நடராசின் பெயரைப் போட்டே எழுதியிருந்தார். எங்கள் துண்டறிக்கைகள் எல்லாம் சேர்ந்து செய்யாததை அந்த ஒரு பத்தி செய்தது. அடுத்த வாரமே ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு தரப்பும் உட்கார்ந்தன. ஆனால் நடராசு அக்காள் வீட்டுப் படியை அதன் பிறகு மிதிக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் கல்யாணம், காதுகுத்து எதற்கும் இவர்களுக்கு அழைப்பு வரவில்லை. ஒரு பத்திக்காகச் சென்னியப்பன் தன் மைத்துனர் வீட்டையே துறந்தார்.

சாவு வீட்டில் நான் கண்ணால் பார்த்ததையும் சொல்ல வேண்டும். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப்புடவை வர வேண்டும். வருமா என்று வந்திருந்த சனம் பூராவும் தோட்டத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. நடராசு வந்தார். கையில் கோடியோடு, தலையைக் குனிந்துகொண்டு வந்தார். தங்கமணி அம்மா எழுந்து நின்று, "வா நடராசு" என்றார். அவ்வளவுதான், அந்த ஆள் உடைந்துபோய்விட்டார். திரும்பும்போது என் பக்கத்தில் நின்று, "நீங்கதான் அந்த வக்கீலம்மாவுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மச்சான் அன்னிக்கு எனக்கும் வாசிச்சுக் காட்டினாருங்க. பாதியிலயே போனை வெச்சுப்போட்டேன். மிச்சத்தையும் கேட்டிருக்கலாமுங்க" என்றார்.

சென்னியப்பன் தன்னைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதாதீர்கள் என்றாரே, அதையும் செய்துவிடுகிறேன். ஓர் ஊரில் எங்கள் சனத்தின் தெருவுக்குள் தேர் வருவதில்லை. வர வேண்டும் என்று வழக்குப் போட்டோம். சாதி பார்ப்பது பாவம் என்று சென்னியப்பனும்தான் சொல்வார். ஆனால் கோர்ட்டுக்குப் போகக்கூடாது, மனசு மாறித்தான் தேர் நகர வேண்டும் என்று எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினார். "மனசு மாறட்டும், மாறட்டுமுன்னு எங்கப்பா சாகற வரைக்கும் காத்திருந்தாருங்க. காத்திருக்கறது உங்களுக்குப் பெருந்தன்மை. எங்களுக்கு அது தண்டனைங்க" என்றேன். "இதை அப்படியே எழுதிக் குடுங்க. என்ற கட்டுரைக்குக் கீழ போடறேன்" என்றார். "மேல போடுங்க" என்றேன். "கீழதானுங்க. பத்திரிகை என்னுதாச்சுங்களே" என்றார். ஒரு சொல் குறைக்காமல் போட்டார். தன் கட்டுரையிலும் ஒரு சொல்லை மாற்றவில்லை. கடைசிவரைக்கும் மாறவில்லை. தேர் எங்கள் தெருவுக்கு வந்தது, கோர்ட்டு சொல்லித்தான் வந்தது. ஆசிரியரே, அந்த விஷயத்தில் நீங்கள் தப்பு. உங்கள் நினைவு மலரிலேயே சொல்கிறேன், நீங்கள் தப்பு.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, வியாழக்கிழமை காலையில் தங்கமணி அம்மாவைக் கூப்பிட்டேன். நேரில் வரட்டுமா என்றதற்கு, "வேண்டாங் கண்ணு, அவரு மாதிரி போன்லயே வாசி. அப்பத்தான் அது சரியா இருக்கும்" என்றார். "வாசிக்கட்டுங்களா அம்மா?" என்று கேட்டேன். எத்தனையோ வருஷம் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கேட்டு எரிச்சல்பட்டிருக்கிறேன். நான் கேட்பது இதுதான் முதல் தடவை. பொள்ளாச்சி வியாபாரி வந்த இடத்தில் அவர் சிரித்தார். தேர் வரும் இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. முடித்துவிட்டு, "தகவல் தப்பு எதாச்சும் இருக்குதுங்களா?" என்றேன்.

"இருக்குது கண்ணு."

தேர் விஷயமா, தம்பி விஷயமா?

"மைத்துனர் ஊட்டைத் துறந்தாருன்னு எழுதியிருக்கியே. அவரு எதைக் கண்ணு துறந்தாரு? அவருக்கு அது மாப்பிள்ளை ஊடு. எனக்குத்தான அது பொறந்த ஊடு. தம்பி புள்ளைக கல்யாணத்துக்கு மேளஞ் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுது. நான் இங்க மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு நின்னேன்."

இத்தனை நாள் நான் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவை ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

"அவருக்கு அது தெரியாமயும் இல்லை கண்ணு. அன்னிக்குத் தம்பிக்குப் போன்ல வாசிக்கறதுக்கு முன்னாடி அடுப்படிக்கு வந்தாரு. கையில எழுதின காகிதம். 'தங்கமணி, திட்டு நடராசுக்கு, ஆனா அடி உனக்குத்தான் விழுகும். வாசிக்கட்டுமா?'ன்னாரு. அடுப்பை அமத்திப்போட்டு, முழுசும் கேட்டேன்."

"நீங்க என்னங்கம்மா சொன்னீங்க?"

"வேண்டாமுன்னு சொன்னா கிழிச்சுப்போட்டிருப்பாரு கண்ணு. அது எனக்குத் தெரியும். ரொம்ப நேரம் யோசனை பண்ணினேன். வெயில்ல பொம்பளைக நின்னாங்கன்னு எழுதியிருந்தாரல்ல? அவங்களுக்குத் தண்ணி கூடக் குடுக்கலியான்னு கேட்டேன். இல்லைன்னாரு. அப்ப போடுங்கன்னேன்."

அந்த வேலைநிறுத்தத்தில் வெயிலில் நின்ற பெண்கள் சிலர் இன்றும் சூலூர்ப் பஸ்ஸில் என்னைப் பார்த்தால் நலம் விசாரிக்கிறார்கள். அவர்களுக்குக் கதவு திறந்தது என் வாதத்தால் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன், அப்புறம் ஆசிரியரின் பத்தியால் என்று நினைத்திருந்தேன். அடுப்படியில் நின்று ஒரு அம்மா 'போடுங்க' என்று சொன்னதால்தான் திறந்தது என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. இனி பார்க்கும்போது சொல்வேன்.

"அந்த வரியை அடிச்சுடட்டுங்களா அம்மா?" என்று கேட்டேன்.

"அடிக்க வேண்டாங் கண்ணு. நீ எழுதினது அப்படியே கெடக்கட்டும். அதுக்குக் கீழ நான் சொன்னதைப் போட்டுரு. அவரு அப்படித்தான பண்ணுவாரு?"

போட்டிருக்கிறேன், அம்மா. தம்பியைப் பற்றி எழுதியதையும், தேரைப் பற்றி எழுதியதையும் குறைக்க வேண்டுமா என்றதற்கு, "அவரு கேட்டிருந்தா தகவல் சரியான்னுதான் பாத்திருப்பாரு. சரிதான். மோகனுக்கு அனுப்பிச்சுரு" என்று சொல்லிவிட்டார்.

ஆசிரியரே, உங்கள் கட்சியும் வேண்டாம், உங்கள் பொறுமையும் வேண்டாம். உங்கள் வியாழக்கிழமையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். அதோடு அடுப்படியில் நீங்கள் கேட்ட கேள்வியையும். நாளைக்கு ஒரு மில் முதலாளியை எதிர்த்து நான் எழுதியது எங்கள் சங்கப் பத்திரிகையில் அச்சாகிறது. தோழர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்த முதலாளியின் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால், அவர் மில்லில் டீ விற்று அந்த வருமானத்தில் மகளைப் படிக்கவைக்கும் ஓர் அம்மாவைக் கூப்பிட வேண்டும். அந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. ஆனால் மில் நின்றால் அடி அவருக்கும் விழும்.

அவர் எடுத்துவிட்டார். "வணக்கமுங்க அக்கா. வக்கீல் எஸ்தர் பேசறேனுங்க. ஒண்ணு எழுதியிருக்கேனுங்க. வாசிக்கட்டுங்களா?"